நர்த்தகி நடராஜ்: பார்த்தவர்கள், படித்தவர்கள் இங்கே எழுதலாம்

வைகைக்கரை
பரதநாட்டியக் கலைஞர், திருநங்கை நர்த்தகி அம்மாவைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2008-இல் திருநங்கையர் நல வாரியம் வருவதற்கு முந்தைய காலம். கோவில் திருவிழாவில் அவருடைய ஆட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, ஒலிபெருக்கியில் பெயரைக் கேட்டதும் அந்தப் பழைய சொல்லைச் சொல்லி என் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்கக்கா" என்றும் சொல்லவில்லை.

ஆழ்வார் பாசுரம். தலைவி நாரையைத் தூது விடுகிற இடம். கை நாரையாகி மேலே போனது. அவர் கண்ணும் அதன் பின்னாலேயே போய்க் கோபுரத்துப் பக்கம் எங்கேயோ நின்றது. நான் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தேன். அந்த அக்காவும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி மேடையைப் பார்த்தபோது அந்தக் கை இன்னும் முழுதாகக் கீழே இறங்கியிருக்கவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டு வந்தோம். அப்போதாவது நான் கேட்டிருக்கலாம்.

சின்ன வயதிலிருந்தே ஏங்கி ஏங்கி வாழ்ந்தவர். அந்த ஏக்கம் அவருக்குத் தானாக வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

கரும்பலகை
நான் தமிழாசிரியர். 2018-இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது 11-ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவரைப் பற்றி வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வகுப்பில் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எடுத்து, வேகமாக வாசித்து, "சரி, அடுத்தது" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

மணி அடித்த பிறகு கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மேசையருகே வந்தான். புத்தகம் கையில் விரித்தபடி இருந்தது, அதே பக்கம். "ஐயா, இதை நாளைக்கு மறுபடியும் ஒருதடவை வாசிப்பீங்களா?" என்றான். "பாடம் நிறைய பாக்கி இருக்குப்பா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். 12-ஆம் வகுப்புக்கு அவன் வரவில்லை. திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாக மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அவன் ஏன் கேட்டான் என்பதை நானாக ஊகிக்கக் கூடாது. ஆனால் அந்தப் பக்கத்தை அவன் விரல் வைத்துப் பிடித்திருந்த விதம் அப்படியே நிற்கிறது.

தட்டுக்கழி
வைகைக்கரை, உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தில் சொல்கிறேன். "தானாக வந்துவிடுகிறது" என்றால் அவர் கற்றதெல்லாம் எங்கே போயிற்று?

மதுரையில் வைஜயந்திமாலாவின் ஆட்டத்தைத் திரையில் பார்த்துப் பார்த்துத் தானே ஆடிப் பழகியவர். அப்புறம் அந்த வைஜயந்திமாலாவுக்கே குருவாக இருந்த தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையைத் தேடிப் போனார், தோழி சக்தியோடு. பிள்ளையவர்கள் கேட்டவுடன் சேர்த்துக்கொள்ளவில்லை. காத்திருந்துதான் இடம் பிடித்தார்கள். அதன் பிறகு குருகுலவாசமாக ஏறக்குறைய 15 ஆண்டுகள். 'நர்த்தகி' என்ற பெயரே குரு வைத்தது. கிட்டப்பா பிள்ளை யார்? சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வழியில் வந்தவர். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற கச்சேரி வரிசைக்கு உருக்கொடுத்தவர்கள் அந்த நால்வர். அந்த வீட்டுப் பாடாந்தரத்தை, அதாவது தலைமுறையாகக் கற்றுத்தரும் முறையை, வாங்கியவரிடம் நாம் பார்க்க வேண்டியது முதலில் கால்தான்.

தன்னைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் நினைத்துக்கொள்கிற நாயகி பாவம் என்பதும் பிறப்பால் வருகிற பாத்தியதை இல்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகப் பாடினார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாக. தஞ்சைப் பக்கத்து மெலட்டூரில் நடக்கிற பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள்தான் ஸ்திரீ வேஷம் கட்டுகிறார்கள். அத்தனையும் பயிற்சி.

என் அனுபவம் சின்னது. ஒரு சபாவில் தாமதமாகப் போனதால் இடமில்லை. மேடையின் பக்கவாட்டில், தரையோடு தரையாக உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்து முகம் சரியாகத் தெரியாது, பாதம் மட்டும் தெரியும். வர்ணம் என்ற நீண்ட உருப்படியில், வேகமான மூன்றாம் காலத்தில் தீர்மானம், அதாவது ஜதிக் கோவை. முட்டியை மடக்கி நிற்கிற அரைமண்டி ஒரு விரற்கடை கூட எழவில்லை. ஒவ்வொரு தட்டும் என் முதுகெலும்பு வரை வந்தது. நானும் எட்டு வருடம் கற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டேன். அன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சலங்கையைத் தேடினேன். பரணில் இருந்தது, தோல் விறைத்துப் போயிருந்தது. எடுத்ததை அங்கேயே வைத்துவிட்டேன்.

மாதுளை
நான் அவரை நேரில் பார்த்ததில்லை. 2019, பத்மஸ்ரீ. டிவியில் காட்டினார்கள். அந்த விருதைப் பெறும் முதல் திருநங்கை என்று சொன்னார்கள். ஏழு வயது மகன் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் துண்டைத் தாவணியாகப் போட்டுக்கொண்டு ஆடுகிற பிள்ளை அவன். திரும்பி, "அம்மா, இவங்க டான்ஸ் டீச்சரா?" என்றான். பதில் சொல்ல வாயெடுத்தேன். அத்தை அறையிலிருந்து வருகிற சத்தம் கேட்டது. ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டேன்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நொய்யல்
மாதுளை, உங்கள் பையனுக்கு இப்போது வயது ஏறியிருக்கும். நான் ஒருமுறை ஈரோட்டில் நர்த்தகி அம்மாவின் பேச்சை மட்டும் கேட்டேன், தமிழ் அருவி மாதிரி கொட்டியது. அதைவிட உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு.

முதலில் குரு. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். வகுப்பில் ஒருநாள் முழுக்கப் போய் உட்காருங்கள். தாளம் தட்டுகிற கோலான தட்டுக்கழியைக் குரு தானே பிடித்துத் தட்டுகிறாரா, போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். தட்டடவு, நாட்டடவு என்ற அடிப்படைப் பயிற்சிகளை மாதக்கணக்கில் செய்ய வைத்தால் நல்ல இடம். மூன்றே மாதத்தில் ஆண்டுவிழாவுக்கு ஒரு பாட்டு என்றால் யோசியுங்கள். இரண்டாவது, தரை. சிமென்ட் தரையில் வருடக்கணக்கில் தட்டினால் முட்டி போய்விடும். என் அக்கா மகள் இருபது வயதில் வைத்தியத்துக்கு அலைந்தாள். மூன்றாவது, அரங்கேற்றச் செலவு. நகை, பக்கவாத்தியம், மண்டபம், சாப்பாடு என்று கல்யாணச் செலவு வந்துவிடும். ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். நான்காவது, பாட்டு. ஆடுகிற பிள்ளைக்குப் பாடவும் தெரிய வேண்டும், தமிழும் தெரிய வேண்டும். நர்த்தகி அம்மாவின் பலமே அதுதானே, சங்கப் பாடலானாலும் பாசுரமானாலும் பொருள் உணர்ந்து ஆடுகிறார். பையனைத் தேவாரம் சொல்ல வையுங்கள், பிரபந்தம் சொல்ல வையுங்கள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தால் வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், எழுதிக்கொடுங்கள். அத்தையிடம் நீங்கள் பேசுவதைவிட உங்கள் வீட்டுக்காரர் பேசுவது நல்லது.

இன்னொன்று, தட்டுக்கழி அவர்களுக்கு. பயிற்சி பயிற்சி என்று சொல்லி அவர் வாழ்ந்த வாழ்க்கையைத் தள்ளி வைத்துவிடாதீர்கள். வீட்டை விட்டு வெளியேறியதும், எள்ளி நகையாடப்பட்டதும் அந்தப் பயிற்சிக்குள்தான் இருக்கிறது. வேறொரு பிள்ளையாக இருந்தால் குரு காத்திருக்கச் சொன்னதும் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கும். இவருக்குத் திரும்பிப் போக வீடு ஏது?

மாதுளை
நன்றி ஐயா. வகுப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. அவன் இப்போது கால்பந்து ஆடுகிறான், துண்டைத் தொடுவதே இல்லை. நான் அணைத்த டிவியைப் பற்றித்தான் எழுதினேன்.

தட்டுக்கழி
நொய்யல் சொன்ன கடைசி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 2007-இல் கலைமாமணி, 2011-இல் சங்கீத நாடக அகாதெமி புரஸ்கார், எல்லாம் ஆட்டத்துக்காக வந்தவை. அனுதாபத்துக்காக வந்தது போல யாராவது பேசினால் நான் மறுபடியும் வந்து சண்டை போடுவேன்.

வைகைக்கரை
சண்டை வேண்டாம் அம்மா. 'தானாக' என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். அந்தக் கை இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தை எத்தனை நாள் பழகியிருப்பார் என்று இப்போதுதான் நினைக்கிறேன்.

மேலவீதி
எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தஞ்சாவூர் மேலவீதியில்தான் தஞ்சை நால்வர் வாழ்ந்த வீடு இருக்கிறது. என் பெரியப்பா வீடும் அந்தத் தெருதான், பள்ளி விடுமுறைக்குப் போவேன். ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேர் தெருவோரமாக நடந்து வந்தார்கள். ஒல்லியான உடம்பு, கையில் துணிப்பை. அந்த நடையைப் பார்த்துவிட்டு நாங்கள் நான்கைந்து பையன்கள் பின்னாலேயே இடுப்பை ஆட்டிக்கொண்டு போனோம். நான்தான் முதலில் ஆரம்பித்தேன். அவர்கள் திரும்பவே இல்லை. ஒருவர் மட்டும் பையைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பைக்குள்ளிருந்து 'ஜல்' என்றது.

அவர்கள்தானா என்று எனக்குத் தெரியாது. அந்த ஊரில் ஆட்டம் படிக்க எத்தனையோ பேர் வந்திருப்பார்கள்.

கரும்பலகை
தம்பி, அது எந்த வருடம்?

மேலவீதி
1986 கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது.