பழைய துணியும் ஒரு பெரிய 'ஈ'யும்

நூல்கண்டு:
இந்த மன்றத்தின் இன்னொரு இழையில் வெட்டிஆபீசர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "பழைய துணிக்கடையில் வாங்குவது கஞ்சத்தனத்துக்கு வைத்த நாகரிகப் பெயர்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் தனி இழை.

பத்து வருடமாக நான் புதுச் சட்டை வாங்கியதில்லை. புதுக் கடையில் ஒரே சட்டை பதினைந்து, அளவுவாரியாகத் தொங்கும். அங்கே தேடுவதற்கு என்ன இருக்கிறது? பழைய துணிக்கடையில் ஒரு கம்பியில் நூறு உடுப்பு இருந்தால் நூறும் வேறு வேறு. நான் பார்ப்பதுகூட இல்லை, விரலை ஓட்டிக்கொண்டே போவேன். பாலியஸ்டர், பாலியஸ்டர், பாலியஸ்டர், திடீரென்று கம்பளி. கை தானாக நின்றுவிடும். போன மாதம் அப்படி நின்றது லீவைஸ் (Levi's) என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஒரு டெனிம் ஜாக்கெட்டில். இடது மார்புப் பையோரம் இருக்கும் சிவப்புப் பட்டியில், நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் இரண்டாவது எழுத்தான 'ஈ' சின்ன e-யாக இல்லாமல் பெரிய E-யாக. அதாவது 1971-க்கு முன் தைத்தது. இத்தனை வருடத்தில் ஒரு தையல் விடவில்லை. இதுவா கஞ்சத்தனம்?

வெட்டிஆபீசர்:
நான் யார் பெயரையும் சொல்லவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நீங்களே வந்து நிற்கிறீர்கள்.

அப்புறம், பெரிய ஈ இருந்தாலே 1971-க்கு முந்தையதா? பழைய மாதிரிகளை அதே நிறுவனம் மறுபடி தைத்து விற்கிறது. அதிலும் பெரிய ஈதான். ஈயடிச்சான் காப்பி என்றால் இதுதான் ஐயா.

நூல்கண்டு:
மறுபதிப்பு பற்றி எனக்கே பாடமா? அந்தச் சிவப்புப் பட்டி 1936-இல் வந்தது. 1971 வாக்கில் ஈ சின்னதானது. பத்தில் ஒரு பட்டியில் பெயரே இல்லாமல் வெறும் வணிகமுத்திரைக் குறி (®) மட்டும் இருக்கும். பெயர் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியே தங்களுடையது என்று காட்டத்தான் அந்த ஏற்பாடு. இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன். என் ஜாக்கெட்டில் பெரிய ஈ.

ஊசிமுனை:
ஈயை விடுங்கள். உள்ளே துவைப்புக் குறிப்பு தைத்திருக்கிறதா? துணியோடு நிரந்தரமாகக் குறிப்பு இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1972-இல்தான் நடப்புக்கு வந்தது. குறிப்பு இருந்தால் உங்கள் கணக்கு இடிக்கும். பொத்தானின் பின்பக்கத்தில் பொறித்த எண்ணையும் பாருங்கள், காலத்தைக் கணிக்க அதுவும் உதவும்.

நூல்கண்டு:
குறிப்பு இல்லை. உள்தையலில் இரண்டு நூல் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

வெட்டிஆபீசர்:
1971-க்கு முன் துவைப்புக் குறிப்பு கட்டாயமே கிடையாது. அப்படியானால் எதை வெட்டினார்கள்?

நூல்கண்டு:
அளவுச் சீட்டாக இருக்கலாம். நூலை வைத்து முடிவு கட்டுகிறீர்கள், கண்ணெதிரே இருக்கும் ஈயை விட்டுவிடுகிறீர்கள்.

மழைக்காகிதம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பழையதெல்லாம் தரம் என்பதே எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காலத்திலும் மட்டத் துணி இருந்தது. அது எப்போதோ கரித்துணியாகிப் போய்விட்டது. தாங்கியது மட்டும் இன்று கம்பியில் தொங்குகிறது, அதைப் பார்த்து ஒரு காலத்தையே புகழ்கிறோம். எனக்கும் அந்தக் கடைகள் பிடிக்கும். ஒருமுறை வாங்கிய கோட்டின் உள்பையில் நாலாக மடித்த காகிதம், அதில் பென்சிலில் "சாவி பக்கத்து வீட்டில்" என்று இருந்தது. புதுக் கோட்டில் இது கிடைக்குமா?

நூல்கண்டு:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய ஈக்குப் பதில் வரவில்லை.

சும்மாஇரு:
இந்த இழைக்குள் வரக்கூடாது என்றுதான் இருந்தேன். நூல்கண்டு அவர்களே, இரண்டு வருடம் முன் "அசல் தோல்" என்று என்னிடம் ஒரு பை விற்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆறே மாதத்தில் மேல்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து மடி முழுக்கக் கறுப்பு. அது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு. காற்றிலிருக்கும் ஈரமே போதும், பெட்டியில் பூட்டி வைத்தாலும் சிதையும். தோலையே அடையாளம் தெரியாதவர் ஆண்டு சொல்கிறார்!

நூல்கண்டு:
அன்றைக்கே வருத்தம் தெரிவித்துவிட்டேன். பாதிப் பணமும் திருப்பிக் கொடுத்தேன்.

சும்மாஇரு:
பாதி.

வெட்டிஆபீசர்:
ஓகோ, வியாபாரமும் உண்டா! கையில் காசில்லாதவர்கள் தேடி வருகிற கடையில் காலையிலேயே நுழைந்து நல்லதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மேல்விலைக்கு விற்பது. கஞ்சத்தனம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அது ரொம்ப மரியாதையான வார்த்தை.

நூல்கண்டு:
ஒரே ஒரு பை. அதை வைத்து என்னை மொத்த வியாபாரி ஆக்காதீர்கள்.

ஊசிமுனை:
'பழைய துணிக்கடை' என்று எழுதுவதே ஒரு மாதிரி இருக்கிறது. 'மறுபயன்பாட்டுக் கடை' எனலாமே?

வெட்டிஆபீசர்:
பெயரை மாற்றினால் மூட்டைப்பூச்சி போய்விடுமா?

ஊசிமுனை:
60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் முட்டையோடு போய்விடும். உங்களுக்குத் துவைக்கும் பழக்கம் இருந்தால்.

மழைக்காகிதம்:
கம்பளியை அப்படித் துவைத்துவிடாதீர்கள், பொம்மைக்குத்தான் போட முடியும்.

நூல்கண்டு:
எல்லோரும் எங்கெங்கோ போகிறீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. பெரிய ஈயா இல்லையா? பெரிய ஈ. முடிந்தது.

ஊசிமுனை:
பொத்தான் எண் என்ன என்று நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

நூல்கண்டு:
நாளைக்குப் படம் போடுகிறேன்.

சும்மாஇரு:
அந்தப் பை விஷயத்திலும் இப்படித்தான் சொன்னார்.

வெட்டிஆபீசர்:
நான்கு நாளாயிற்று. இழையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நூல்கண்டு:
இங்கே வெளிச்சம் சரியில்லை. ஈயின் படம் வேண்டுமானால் இப்போதே போடுகிறேன்.