குடியை விட்டு ஐந்து மாதம், படபடப்புக்கு டோலோ போட்டுக்கொண்டிருக்கிறேன், இது தப்பா?

அல்சூர்வாசி:

வயது 37, பெங்களூரு அல்சூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. குடியை நிறுத்தி வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஐந்து மாதம் முடிகிறது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் குடித்தேன், கடைசி மூன்று வருஷம் ஒரு நாள்கூட விடாமல். நிறுத்தும்போது ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன், கை நடுக்கம், வியர்வை எல்லாம் அங்கேயே அடங்கிவிட்டது. அதன் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை.

பிரச்சினை வேறு. சாயங்காலம் ஆறரை மணி ஆனால் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். ஏதோ கெட்ட செய்தி வரப்போகிற மாதிரி வயிற்றைப் பிசையும், சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போது இன்னும் மோசம். முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு ஒரு நைன்டி (90 மில்லி சாராயம்) உள்ளே போயிருக்கும். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் தலைவலிக்காக டோலோ 650 ஒன்று போட்டேன், கொஞ்ச நேரத்தில் தலைவலியோடு படபடப்பும் இறங்கின மாதிரி இருந்தது. மறுநாள் தலைவலி இல்லாமலே போட்டேன். இப்போது மதியம் ஒன்று, ஆபீஸிலிருந்து கிளம்பும்போது ஒன்று, வீடு வந்ததும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. இரண்டு வாரமாக அதுவும் போதாமல் நடுவில் காம்பிஃப்ளாம் என்ற வலி மாத்திரை இரண்டு சேர்கிறது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து அட்டை இல்லையென்றால் பாதி வழியில் வண்டியைத் திருப்பி மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறேன், ஒரே கடையில் வாங்கினால் கேட்பார்கள் என்று மூன்று கடைகளில் மாற்றி மாற்றி வாங்குகிறேன்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பார், அதில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். டோலோவில் போதை கிடையாது, சீட்டு இல்லாமல் கொடுக்கிறார்கள், கொரோனா சமயத்தில் ஊரே சாப்பிட்டது, அப்படியிருக்க இதில் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் போன வாரம் பள்ளி விழாவில் என் மகள் தனியாக மேடையேறிப் பாடினாள், எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கு உள்ளே ஒன்றுமே அசையவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இது உடம்பைக் கெடுக்குமா? இன்னொன்று, இதுவும் குடித்த கணக்கில் வருமா, இந்த ஐந்து மாதமும் போனதுதானா? மனைவிக்கு இது எதுவும் தெரியாது.

மெடிக்கல்ஷாப் அக்கா:

சிவாஜிநகர் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பதினாலு வருஷமாக மருந்தாளுநராக இருக்கிறேன். நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். நாலு டோலோ என்றால் 2600 மில்லிகிராம் பாரசிட்டமால். காம்பிஃப்ளாம் ஒன்றில் இபுப்ரொஃபென் 400 இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதிலேயே பாரசிட்டமால் 325 இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டு போட்டால் இன்னொரு 650. ஆக ஒரு நாளைக்கு 3250. நல்ல உடம்புக்கே 24 மணி நேரத்தில் 4000-ஐத் தாண்டக் கூடாது, அதுவும் காய்ச்சலுக்குச் சில நாள் போடுகிற கணக்கு, மாதக்கணக்கில் இல்லை. வருஷக்கணக்கில் குடித்துக் கல்லீரல் களைத்தவர்களுக்கு 2000-க்குள் நிறுத்துங்கள் என்றுதான் பல டாக்டர்கள் சொல்வார்கள். நடுவில் சளி பிடித்து ஒரு ஜலதோஷ மாத்திரை போட்டால் பெரும்பாலும் அதிலும் பாரசிட்டமால் இருக்கும்.

பாரசிட்டமாலைக் கல்லீரல் கரைக்கும்போது அதில் ஒரு சின்னப் பங்கு விஷமாக மாறுகிறது. அதை முறிக்க குளுட்டாதயோன் என்று ஒரு பொருள் கல்லீரலிலேயே இருக்கிறது. தொடர்ந்து குடித்தவர்களுக்கும் வேளைக்குச் சாப்பிடாதவர்களுக்கும் அந்தக் கையிருப்பு குறைவு. இன்னொரு ஆபத்து, அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, லேசாகக் குமட்டும், அவ்வளவுதான். அடி விழுந்தது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். இதற்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் என்று முறிவு மருந்து உண்டு, ஆனால் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். அதனால் என்றைக்காவது எத்தனை போட்டோம் என்று கணக்குத் தப்பினால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் உட்காராமல் நேரே கேஷுவால்டிக்குப் போங்கள். கண் மஞ்சளாவது, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, வாந்தியில் காப்பித்தூள் மாதிரி வருவது, இவற்றுக்கும் அதேதான். பின்னால் சொன்ன இரண்டும் இபுப்ரொஃபென் வயிற்றைப் புண்ணாக்குவதால் வரக்கூடியவை. குடியால் ஏற்கெனவே புண்ணாகியிருக்கக்கூடிய வயிறு உங்களுடையது. சிறுநீரகத்துக்கும் அது நல்லதில்லை.

தலைவலி அடிக்கடி வருகிறதா? வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் மாதக்கணக்கில் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காம்பிஃப்ளாம் போன்ற கலவை மாத்திரைக்குப் பத்து நாளே போதும்.

படபடப்பு இறங்கின மாதிரி இருந்தது என்று சொன்னீர்களே, அதை முழுக்கக் கற்பனை என்று நான் தள்ள மாட்டேன். 2010-இல் அமெரிக்காவில் டீவால் என்பவரும் மற்றவர்களும் மூன்று வாரம் தினமும் பாரசிட்டமால் கொடுத்துப் பார்த்தார்கள், பிறர் ஒதுக்குவதால் மனசு புண்படுவது குறைந்ததாக எழுதினார்கள். பின்னால் வந்த சோதனைகளில் எல்லாம் அதே முடிவு வரவில்லை. ஆனால் 2015-இல் ஒஹையோவில் நடந்த ஒன்றில், மாத்திரை போட்டவர்களுக்குக் கோரமான படங்கள் மட்டுமில்லை, சந்தோஷமான படங்களும் மங்கலாகத் தோன்றின. உங்கள் மகள் பாடினபோது நடந்தது இதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது, குடியை விட்ட முதல் சில மாதம் மனசு மரத்துப்போவதும் உண்டு. டாக்டரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் வேலையாக கல்லீரலுக்கு எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனை, கூடவே சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின். நாளைக்கே.

ஜெயநகர் நாலாவது பிளாக்:

குடியை விட மாத்திரை ஆயிரம் மடங்கு மேல். ஐந்து மாதம் தாக்குப்பிடித்திருக்கிறார், அதைப் பாராட்டாமல் பயமுறுத்துகிறீர்கள். நாளுக்கு மூன்றாகக் குறைத்துக்கொண்டு போகட்டும், பயந்துபோய்த் திரும்ப எம்.ஆர்.பி. சாராயக் கடைக்குப் போனால் யார் பொறுப்பு?

மெடிக்கல்ஷாப் அக்கா:

அவர் திரும்பப் போகக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதினேன் சார். மூன்று கடையில் மாற்றி மாற்றி வாங்குகிற ஒருவரிடம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றால் அது நடக்காது. என் கடைக்கு வருகிறவர்களை நான் பார்க்கிறேனே.

மார்ஃபிடவுன் பெரியவர்:

தம்பி, எனக்கு 58. நான் குடியை விட்டது 2015-இல். நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீ அதே வாசலில் நிற்கிறாய்.

எனக்கும் நாலாவது மாதம் இதே படபடப்புத்தான். நான் பிடித்தது சாரிடான், தலைவலி மாத்திரை. காலையில் ஒன்று, டீயோடு ஒன்று, ராத்திரி ஒன்று. அதில் கஃபீன் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, படபடப்பை அடக்கப் போட்டு அதையே வளர்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் முதுகுவலிக்கு என்று ஒரு கடையில் கேட்டபோது சீட்டில்லாமல் ஒரு கேப்சூல் கொடுத்தார்கள். டிராமடால். முதல் நாள் போட்டதும் இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது என்று தோன்றியது, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காலி அட்டைகளை முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பேன். ஒரு நாள் காலண்டர் ஆணியோடு கீழே விழுந்து, வெள்ளி வெள்ளியாக அட்டைகள் தரை முழுக்கச் சிதறின. என் அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

2018-இல் டிராமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், கடையில் கிடைப்பது நின்றது, நான் மூன்று நாள் உடம்பு முறுக்கி, மூக்கு ஒழுகி, தூங்காமல் கிடந்தேன். பிறகுதான் ஹோசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே குடி, போதை நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு எடுத்துக் காத்திருக்க வேண்டும், ஆனால் உட்கார வைத்து முழுக் கதையும் கேட்பார்கள்.

அந்த டாக்டர் எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். வருஷக்கணக்கில் குடித்த மூளை சாராயம் வந்து அடக்கும் என்று பழகி, அதற்கு எதிராக எந்நேரமும் முறுக்கேறி நிற்கும். சாராயத்தை நிறுத்தினால் முறுக்கு மட்டும் மிஞ்சும். நடுக்கம் ஒரு வாரத்தில் போகும், ஆனால் படபடப்பும் தூக்கக் கேடும் பல மாதம் இழுக்கலாம். சிலருக்குக் குடிக்கு முன்னாலேயே பதற்ற நோய் இருந்திருக்கும், அதை மறைக்கத்தான் குடித்திருப்பார்கள், எனக்கு அப்படித்தான். அதற்கு வைத்தியம் தனி.

தூக்க மாத்திரைக்குப் பயப்படுகிறாய், நியாயம்தான். அல்பிரசோலம், குளோனசிபாம் இரண்டும் நம்மைப் போன்றவர்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் படபடப்புக்கு அது மட்டுமே மருந்து என்று யார் சொன்னது? எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் மாதிரி பழக்கத்துக்கு இழுக்காத மருந்துகள் இருக்கின்றன, மெதுவாகத்தான் வேலை செய்யும், நிறுத்தும்போது டாக்டர் சொல்கிறபடி படிப்படியாக நிறுத்த வேண்டும். பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சையும் உண்டு. உள்ளே போனதும் நீ முதலில் சொல்ல வேண்டியது, "நான் குடியை விட்டவன், தூக்க மாத்திரை எனக்கு வேண்டாம்." குடியாசை குறைய நால்ட்ரெக்ஸோன், டைசல்ஃபிராம் எதையாவது ஆஸ்பத்திரியில் கொடுத்து இன்னும் சாப்பிடுகிறாய் என்றால் அதையும் சொல்.

கணக்குக் கேட்டாயே. நீ குடிக்கவில்லை, அந்த ஐந்து மாதம் உன்னுடையதுதான், அதை எவனும் எடுக்க முடியாது. போதையை விட்ட என் தேதியை நான் 2015 என்று இல்லாமல் 2018 என்று வைத்துக்கொண்டேன், அது போதை தருகிற மாத்திரை, தெரிந்தே போட்டேன், அதனால் அது என் முடிவு. ஆனால் தம்பி, சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பது, கடை மாற்றுவது, வீட்டில் மறைப்பது, இந்த மூன்றையும் நீ பாட்டிலோடும் செய்திருப்பாய். மாத்திரையில் போதை இல்லை, சரி. கை அதே கைதான்.

ராத்திரி நேரத்தில் தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் போடு, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசாங்கத்துடையது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

இந்திராநகர் மீனா:

அண்ணா, நான் குடிக்கிறவள் இல்லை, குடியை விட்டவருடைய மனைவி. என் வீட்டுக்காரரின் ஷூவுக்குள் ஒரு நாள் மாத்திரை அட்டை கிடைத்தபோது நான் பார்த்தது மாத்திரையை இல்லை, திரும்பவும் ஒளிக்க ஆரம்பித்துவிட்டாரே என்பதைத்தான். அவர் தானாக வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு பேரும் டாக்டரிடம் போயிருப்போம், கண்டுபிடித்ததால் இரண்டு வாரம் பேசாமல் இருந்தோம். உங்கள் மனைவி கண்டுபிடிக்கும் முன் சொல்லிவிடுங்கள். பிள்ளை தூங்கின பிறகு, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாதியை மறைத்துத்தான் சொல்வீர்கள்.

அப்புறம் அந்த ஆறரை மணி. எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு முன்னாலேயே ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிடுவேன், சுண்டலோ இரண்டு இட்லியோ. பசியும் படபடப்பும் அவருக்கு ஒரே மாதிரி தெரியும். ஐந்து மணிக்கு மேல் காப்பி கிடையாது. உங்களுக்குப் பக்கத்திலேயே ஏரி இருக்கிறது, வீட்டுக்குள் நுழையும் முன் வண்டியை நிறுத்திவிட்டுத் திருவள்ளுவர் சிலைப் பக்கம் இருபது நிமிஷம் நடந்து பாருங்கள். இது மருந்துக்குப் பதில் இல்லை, டாக்டரிடம் கண்டிப்பாகப் போக வேண்டும்.

அல்சூர்வாசி:

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், தினமும் படித்தேன், எழுதத்தான் வரவில்லை.

மீனா சொன்ன மாதிரி அட்டையோடு போய்ச் சொன்னேன். ஹெல்மெட் பையிலிருந்து ஒன்று, ஆபீஸ் பையிலிருந்து இரண்டு, வண்டி டிக்கியிலிருந்து ஒன்று, எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அவள் முதலில் கேட்டது, "குடித்தீர்களா?" இல்லை என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் மாத்திரைகளை எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தொன்று இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 96, நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. டாக்டர் பாரசிட்டமால், காம்பிஃப்ளாம் இரண்டையும் உடனே நிறுத்தச் சொன்னார், ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்றார். பெரியவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன், தூக்க மாத்திரை எழுதவில்லை. எஸ்சிடலோபிராம் குறைந்த அளவில் கொடுத்திருக்கிறார், அதோடு இபுப்ரொஃபென் சேர்ந்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும், அந்த வகை மாத்திரையே வேண்டாம் என்றார். முதல் வாரம் படபடப்பு கூடலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள், மூன்று நாலு வாரம் கழித்துத்தான் தெரியும் என்றும் சொன்னார். சொன்னபடியே முதல் வாரம் மோசம், தலைவலி ஆறு நாள் மண்டையைப் பிளந்தது. ஒரு ராத்திரி 14416-இல் நாற்பது நிமிஷம் பேசினேன்.

ஆறரை மணிக்கு இன்னும் நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது. வியாழக்கிழமைதோறும் ஒரு சைக்காலஜிஸ்டிடம் போகிறேன், அடிக்கட்டும், அது என்ன செய்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்கிறார், எழுதுகிறேன். நேற்று ஏரிக்கரையில் மகளும் கூட வந்தாள், அந்த விழாப் பாட்டைத் திரும்பப் பாடச் சொன்னேன். இரண்டாவது அடியில் சுருதி விட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டே நடந்தேன்.

பெரியவரே, குடியை விட்டவர்கள் சேர்ந்து பேசுகிற கூட்டம் எதற்காவது நீங்கள் போகிறீர்களா, அது தமிழில் நடக்குமா? எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், இந்த வாரமே வருகிறேன்.