டோர் வைக்கிங் கப்பலைப் பார்த்திருக்கிறீர்களா?

வடகடலில் ஏபியாக (தேர்ந்த மாலுமியாக) இருந்தபோது ஸ்காட்லாந்தின் அபெர்டீன் துறைமுகத்தில் டோர் வைக்கிங் எங்களுக்குப் பக்கத்தில் வந்து கட்டும். நானும் ஆங்கர் ஹேண்ட்லிங் கப்பல்காரன்தான், அதாவது எண்ணெய் ரிக்குகளின் நங்கூரம் போட்டு எடுக்கும் கப்பல், ஆனாலும் அதன் பின்தளத்திலிருந்து கண்ணை எடுக்க மனசு வராது. செயின் உரசி உரசி ஸ்டெர்ன் ரோலர், அதாவது பின்விளிம்பில் இருக்கும் உருளை, வெள்ளியாய்ப் பளபளக்கும்.

ரிக் நங்கூரம் எடுத்தவனுக்கு அந்தப் பளபளப்பின் பின்னால் இருக்கிற உழைப்பு தெரியும். வின்ச் இழுக்க இழுக்க, கடலடிக் களிமண் அப்பிய செயின் ரோலர் ஏறி வரும். ஷார்க் ஜா என்ற டெக் இடுக்கி அதைக் கவ்விப் பிடித்தாயிற்று என்று பிரிட்ஜிலிருந்து குரல் வரும்வரை யாரும் டெக்கில் கால் வைக்க முடியாது. 200 டன் இழுவிசை உள்ள கப்பல். அந்தப் பாரத்தில் வயர் அறுந்தால் எதிரே நிற்கிறவன் பிழைக்கமாட்டான். சப்ளை போட்தானே என்று சிலர் இளக்காரமாகப் பேசும்போது எனக்குக் கோபம் வரும்.

நார்வேயில் 2000-ல் கட்டியது. டோர், பால்டர், விதார் என்று கூடப்பிறந்தவை மூன்று. பனி உடைக்கும் உடம்பு. குளிர்காலத்தில் ஸ்வீடன் கூப்பிட்டால் பால்டிக் போய்ப் பனி உடைக்க வேண்டும் என்று ஒப்பந்தமே இருந்தது. உங்களில் யார் பார்த்தீர்கள்?

*

அண்ணே, நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் மறக்கமாட்டேன். 2010 டிசம்பரில் மொத்தச் சரக்கு ஏற்றும் பல்க் கேரியர் ஒன்றில் தேர்ட் மேட்டாக (மூன்றாம் அதிகாரியாக) வட பசிபிக்கில் இருந்தேன். வான்கூவரிலிருந்து கனோலா விதை ஏற்றிவந்த கோல்டன் சீஸ் என்ற சரக்குக் கப்பல், என்ஜினின் டர்போசார்ஜர் பழுதாகி, அலாஸ்காவின் அட்கா தீவுப் பக்கம் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே 20 பேர். அலாஸ்காவின் டச்சு ஹார்பர் துறைமுகத்திலிருந்து ஓடிப்போய் இழுவைக் கயிறு கொடுத்து, துறைமுகம் வரை இழுத்து வந்தது டோர் வைக்கிங்தான். அது எண்ணெய்த் துரப்பண வேலைக்காக அங்கே வந்திருந்த கப்பல். அந்தப் பக்கம் அவ்வளவு பலமுள்ள இன்னொரு கப்பல் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் மெஸ்ஸில் ஒரு வாரம் இதே பேச்சு.

*

நான் கியூபெக் நகரத்தில் இருக்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில், லெவி ஊரின் டேவி கப்பல் கட்டும் தளத்தில் அதைச் சிவப்பு உடம்பும் வெள்ளை மேல்கட்டுமாகப் பார்த்தேன். 2018-ல் மூன்றையும் கனடா கடலோரக் காவல்படை வாங்கிவிட்டது. மாற்றியமைப்பும் சேர்த்து 61 கோடி கனடிய டாலர். டோர் இப்போது வின்சென்ட் மாசி, பால்டர் ஜீன் குட்வில். விதாருக்கு, 1939-ல் கப்பல் தலைவியாக உரிமம் பெற்ற மோலி கூலின் பெயர். எண்ணெய் விலை சரிந்து எத்தனையோ நல்ல ஆங்கர் கப்பல்கள் உடைக்கப் போன காலத்தில் இவை தப்பியது அந்தப் பனி தாங்கும் இரும்பால்தான். பால்டரில் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், என்ஜின் ரூம் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது.