கோனன் கதைகள்: டி காம்ப் காப்பாற்றினாரா, கெடுத்தாரா?

புதுவாசகன்:
ராபர்ட் இ. ஹோவர்டு 1930-களில் எழுதிய, கோனன் என்ற வாள் வீரனின் கதைகளைப் படிக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். பழைய புத்தக விற்பனைத் தளம் ஒன்றில் லான்சர், ஏஸ் பதிப்பகங்கள் போட்ட 12 தொகுதி செட் இருக்கிறது. டெல் ரே பதிப்பகத்தின் 3 தொகுதிகள் புதிதாகவே கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? 12 என்றால் கதை அதிகம்தானே?

மூலப்பிரதி:
கதை அதிகம்தான், ஆனால் எல்லாம் ஹோவர்டு எழுதியதில்லை. அவர் முழுதாக எழுதி முடித்த கோனன் கதைகள் 21. அதில் 17 'வியர்டு டேல்ஸ்' இதழில் 1932 டிசம்பர் முதல் 1936 அக்டோபர் வரை வந்தன. மீதி 4 அவர் காலத்தில் கோனன் கதையாக அச்சேறவில்லை. இந்த 21-ம் டெல் ரேயின் 3 தொகுதிகளில் அடங்கிவிட்டன: முதல் தொகுதியில் 13, இரண்டில் 3, மூன்றில் 5.

அந்த 12 தொகுதியில் 'கோனன் தி பக்கனீர்', 'கோனன் ஆஃப் அக்விலோனியா', 'கோனன் ஆஃப் தி ஐல்ஸ்' மூன்றும், ஹோவர்டு இறந்த பிறகு கோனன் கதைகளைத் திருத்தித் தொகுத்த எல். ஸ்ப்ராக் டி காம்பும் அவரோடு சேர்ந்து எழுதிய லின் கார்ட்டரும் எழுதியவை. 'கோனன் தி அவெஞ்சர்' நாவல் பியோர்ன் நைபெரியும் டி காம்பும் எழுதியது. ஆக நாலு புத்தகத்தில் ஹோவர்டு எழுதிய கோனன் கதை ஒன்றுகூட இல்லை. 'கோனன்' என்றே பெயருள்ள முதல் தொகுதியில் 7 கதைகள். ஹோவர்டு தானே எழுதி முடித்தவை அதில் 3. தொகுதியைத் திறந்ததும் வரும் முதல் கதையே கார்ட்டர், டி காம்ப் இருவருடையது. புது வாசகர் அதைப் படித்துவிட்டு 'இதுதான் ஹோவர்டா?' என்று உதட்டைப் பிதுக்குவார்.

லான்சர்66:
கணக்கு சரி. ஆனால் ஹோவர்டு என்று ஒருவர் இருந்தார் என்பதே இன்று உங்களுக்குத் தெரிந்தது யாரால்? அவர் 1936 ஜூன் 11-ல் இறந்தபோது வயது 30. 'வியர்டு டேல்ஸ்' 25 சென்ட் இதழ். மலிவான மரக்கூழ்க் காகிதம், சில வருஷத்தில் பழுத்து ஓரமெல்லாம் பொடிந்துவிடும். (இந்த மாதிரி இதழ்களுக்குப் பல்ப் என்ற பெயரே அந்தக் கூழிலிருந்து வந்ததுதான். நம்மூர் 'பல்பு வாங்குவது' வேறு.) கோனன் கதைகளை 1950 முதல் கெட்டி அட்டையில் நோம் பிரஸ் கொண்டுவந்தது. அச்சாகாத மூன்று கோனன் கதைகளை 1951-ல் இலக்கிய ஏஜெண்ட் ஆஸ்கர் ஃபிரெண்டின் பெட்டியிலிருந்து தோண்டி எடுத்தவர் டி காம்ப். 1966-ல் லான்சர், ஃபிராங்க் ஃப்ரசெட்டாவின் அட்டையோடு 'கோனன் தி அட்வென்ச்சரர்' போட்ட பிறகுதான் அந்தப் பெயர் கடை கடையாகப் போனது. சாப்பாடு போட்டவரை ருசி சரியில்லை என்று திட்டுவது எளிது.

மூலப்பிரதி:
தோண்டி எடுத்தார், சரி. எடுத்ததை என்ன செய்தார்? 'தி பிளாக் ஸ்ட்ரேஞ்சர்' கதையைப் பாருங்கள். ஹோவர்டின் கதையில் வலென்சோ என்ற பிரபு, தான் ஏமாற்றிய ஒரு பேய்க்குப் பயந்து, பிக்டுகள் என்ற காட்டு இனத்தார் வாழும் கரையில் கோட்டை கட்டி ஒளிந்திருக்கிறான். இரண்டு கடற்கொள்ளைக் கூட்டங்கள் புதையலுக்காக அங்கே வந்து சேர்கின்றன. கோனன் ஆட்டத்தில் நடுவில் நுழைந்து, கடைசியில் ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டு கடலோடப் போகிறான். அவ்வளவுதான்.

டி காம்ப் இதை 'தி ட்ரெஷர் ஆஃப் ட்ரானிகோஸ்' ஆக்கினார். பேய்க்குப் பதில் தோத்-அமோன் என்ற மந்திரவாதியைக் கொண்டுவந்தார். முடிவில் புதையல், கோனன் பின்னால் அரசனாகும் அக்விலோனியா நாட்டின் கலகத்துக்குச் செலவாகும்படி மாற்றி, கோனனை அரியணைப் பாதையில் தள்ளிவிட்டார். ஏன்? தன் வரலாற்று வரிசையில் 'கோனன் எப்படி அரசனானான்' என்று ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்க அடுத்தவர் கதையைக் கிழித்து ஒட்டுப்போட்டார்.

இதைவிட மோசம் 1955-ன் 'டேல்ஸ் ஆஃப் கோனன்'. நாலு கதை, நாலும் கோனன் கதையே அல்ல. 'ஹாக்ஸ் ஓவர் ஈஜிப்ட்' 11-ம் நூற்றாண்டுக் கெய்ரோவில் கலீஃபா அல்-ஹகீம் காலத்தில் நடப்பது. அது 'ஹாக்ஸ் ஓவர் ஷெம்' ஆனது. 'த்ரீ-பிளேடட் டூம்' ஆப்கானிஸ்தானில் எல் போராக் என்ற டெக்சாஸ் துப்பாக்கி வீரன் கதை. துப்பாக்கியைப் பிடுங்கிக் கையில் வாளைக் கொடுத்து 'தி ஃபிளேம் நைஃப்' என்று பெயர் வைத்தார்கள்.

லான்சர்66:
பாத்திரத்தை மாற்றுவது பாவம் என்றால் முதல் பாவி ஹோவர்டுதான். முதல் கோனன் கதை 'தி ஃபீனிக்ஸ் ஆன் தி ஸ்வோர்ட்', வாங்க ஆளில்லாத 'பை திஸ் ஆக்ஸ் ஐ ரூல்' என்ற கதையின் மறு எழுத்து. அது குல் என்ற இன்னொரு ஹோவர்டு அரசனின் கதை. நீங்கள் உயர்த்திப் பிடிக்கும் 'பிளாக் ஸ்ட்ரேஞ்ச'ரை, விற்காததால், டெரன்ஸ் வல்மியா என்ற கடற்கொள்ளைக்காரன் கதையாக மாற்றியதும் அவரே. 'தி ஃப்ராஸ்ட்-ஜயன்ட்ஸ் டாட்டர்' கதையை 'வியர்டு டேல்ஸ்' ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் திருப்பி அனுப்பினார். ஹோவர்டு கோனன் பெயரை எடுத்துவிட்டு அம்ரா என்று போட்டு, 1934 மார்ச்சில் 'தி ஃபேன்டசி ஃபேன்' என்ற ரசிகர் இதழுக்குக் கொடுத்துவிட்டார். பெயரைக் கழற்றி மாட்டுவது பல்ப் தொழிலின் அன்றாட வேலை. வார்த்தைக்கு அரை சென்ட், ஒரு சென்ட் என்று கூலி, அதுவும் அச்சான பிறகு. 1935 மே மாதம் 'வியர்டு டேல்ஸ்' அவருக்கு 800 டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. எழுதி முடித்த கதையைப் பரணில் போட அவருக்கு வசதி இல்லை.

மூலப்பிரதி:
நல்ல உதாரணம் கொடுத்தீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். குல் கதையில் மாயமே கிடையாது. ஓர் அடிமைப் பெண்ணும் ஒரு பிரபுவும் காதலிக்கிறார்கள், சட்டம் குறுக்கே நிற்கிறது. கொலைகாரர்களை வென்ற பிறகு குல் அந்தச் சட்டத்தைப் பொறித்த கல்லைக் கோடாலியால் உடைக்கிறான். கதையே அந்த உடைப்புக்காகத்தான். கோனனாக மாற்றும்போது ஹோவர்டு காதலர்களை முழுக்கத் தூக்கி எறிந்தார். கல்லும் போயிற்று. பதிலுக்கு, சதிகாரனுக்கு அடிமையாய்க் கிடக்கும் தோத்-அமோன், தொலைந்துபோன பாம்பு மோதிரம், கனவில் அரசனின் வாளில் ஃபீனிக்ஸ் குறி போடும் முனிவர் எபிமிட்ரியஸ் எல்லாம் வந்தன. குல் சட்டத்தோடு மல்லுக்கட்டும் அரசன். கோனன் அரியணையில் அலுத்துப்போன அரசன். எலும்பு அதுதான், ஆள் வேறு.

டி காம்ப் எல் போராக்கின் துப்பாக்கியைப் பிடுங்கினாரே, ஆள் மாறினானா? ஆப்கான் மலையில் நிற்கும் டெக்சாஸ்காரன் செய்வதையே கோனனும் செய்கிறான். உடை மட்டும்தான் மாறியது.

நரிக்கண்:
இருவரும் ஒரே ஆளைச் சுற்றிக் கபடி ஆடுகிறீர்கள். இந்த வகையை வளர்த்தவர் ஹோவர்டு மட்டுமல்ல. சி. எல். மூரின் ஜிரெல் 1934 அக்டோபரிலேயே 'வியர்டு டேல்ஸ்'-க்கு வந்துவிட்டாள். கவசத் தலைப்பாகத்தைக் கழற்றினால்தான் பெண் என்று தெரியும் கோட்டைத் தலைவி. தன்னை வென்றவனைப் பழிவாங்க ஆயுதம் தேடிக் கோட்டை அடியில் வேற்றுலகத்துக்கு இறங்குகிறாள். கோனனிடம் இல்லாத உள்மனக் குடைச்சல் அந்தக் கதையில் உண்டு. கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தின் ஸோதீக், சூரியன் அணையப்போகும் கடைசிக் கண்டம். 1939-ல் ஃபிரிட்ஸ் லைபரின் ஃபாஃபர்டும் கிரே மவுசரும் 'அன்நோன்' இதழில் வந்தார்கள். அரசனாகும் ஆசையில்லாத இரண்டு திருடர்கள், வாயைத் திறந்தாலே கிண்டல். மைக்கேல் மூர்காக் 1961-ல் இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டபோது, 'வாளும் மந்திரமும்' என்ற பொருளில் பெயர் வைத்தவரும் லைபர்தான். புதுவாசகன் 12 தொகுதிக்குக் கொடுக்கும் பணத்தில் இந்த நாலு பேரையும் வாங்கலாம்.

லான்சர்66:
மூரும் லைபரும் தங்கம். ஆனால் கேள்வி கோனன் செட் பற்றியது.

புதுவாசகன்:
எனக்கு இன்னொன்று புரியவில்லை. டெல் ரே வரிசையில் முதல் கதையிலேயே கோனன் அரசன். நாலாவது கதையில் இளம் திருடன். குழப்பமாக இருக்காதா? அதற்காகவாவது 12 தொகுதி நல்லதில்லையா? அதில் வயது வரிசை இருக்கிறதாமே.

லான்சர்66:
அதுதான் நான் சொல்லவந்தது. வயது வரிசையை டி காம்ப் கனவில் கண்டு எழுதவில்லை. பி. ஷுய்லர் மில்லர், ஜான் டி. கிளார்க் என்ற இரண்டு வாசகர்கள் 1936-ல் ஒரு வரைவு தயாரித்து ஹோவர்டுக்கே அனுப்பினார்கள். அவர் மார்ச் 10-ல் பதில் எழுதினார். பெரும்பாலும் சரி என்று ஒப்புக்கொண்டு, 'தி டவர் ஆஃப் தி எலிஃபன்ட்' கதையில் கோனனுக்குச் சுமார் 17 வயது, கிரீடத்தைக் கைப்பற்றும்போது சுமார் 40, 'தி அவர் ஆஃப் தி டிராகன்' நாவலில் 44 அல்லது 45 என்று கணக்கும் கொடுத்தார். ஆசிரியரே ஏற்ற வரிசை. கதைக்கு முன்னால் நாலு வரிக் குறிப்பு போட்டு இணைத்தது மட்டும்தான் டி காம்பின் சேர்க்கை.

மூலப்பிரதி:
அதே கடிதத்தில் அவர் சொன்ன இன்னொன்றை விட்டுவிட்டீர்களே. முரட்டு வாழ்க்கை வாழ்ந்த ஒருவன் தன் கதையைச் சொல்லும்போது வரிசையாகச் சொல்வதில்லை, நினைவுக்கு வந்தபடி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்வான், அதனால்தான் கதைகளும் அப்படித் தாவுகின்றன என்றார். கணக்கு கொடுத்தது வாசகர் கேட்டதால். அப்படி எழுதவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

புதுவாசகன், 1932 டிசம்பரில் வந்ததும் அரசன், 1933 ஜனவரியில் 'தி ஸ்கார்லட் சிட்டடல்' கதையிலும் அரசன், மார்ச்சில் திடீரென்று யானைக் கோபுரத்தில் திருட ஏறும் பையன். அன்றைய வாசகர்கள் யாரும் குழம்பவில்லை. முதல் கதையில் அரசன் மேசையில் உட்கார்ந்து வரைபடம் வரைகிறான். அரண்மனை வரைபடங்களில் தெற்கும் கிழக்கும் மேற்கும் தெளிவு, வடக்கு மட்டும் அரைகுறை. அதைத் தானே நிரப்புகிறான், தான் பிறந்த சிம்மேரியாவைக் குறிக்கிறான். ஹோவர்டு அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அந்த வரைபடத்துக்குள் போய்வருவதுதான். வயது வரிசையில் படித்தால் அந்தக் காட்சி எட்டாவது தொகுதியில் வருகிறது. அதற்குள் எல்லா ஊரையும் பார்த்தாகிவிட்டது. வரைபடம் வெறும் வரைபடமாகிவிடும்.

லான்சர்66:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் காட்சியை முதலில் படிப்பதுதான் நல்லது. ஆனால் 'வியர்டு டேல்ஸ்' அச்சிட்ட வடிவமே புனிதம் என்று நினைக்காதீர்கள். ரைட்டும் கை வைத்தார், குறிப்பாகத் தலைப்புகளில். அட்டை ஓவியர் மார்கரெட் பிரண்டேஜுக்கு உடையில்லாப் பெண் ஒருத்தி கதையில் வேண்டும் என்று எழுத்தாளர்களுக்கும் தெரியும். 1933 செப்டம்பர் அட்டையில் வந்த சாட்டையடிக் காட்சி எதற்கு இருக்கிறது என்று 'தி ஸ்லிதரிங் ஷேடோ' படித்தால் தெரியும். ஹோவர்டின் வேகமான ரகத்தில் அது இரண்டாம் தரம்.

மூலப்பிரதி:
ஒப்புக்கொள்கிறேன். தலைப்பு விஷயம் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு உதவும். கடைக்காரர் அனுப்பும் படத்தில் பொருளடக்கத்தைப் பாருங்கள். 'தி ஸ்லிதரிங் ஷேடோ', 'ஷேடோஸ் இன் தி மூன்லைட்', 'ஷேடோஸ் இன் ஸம்பூலா', 'ஜுவல்ஸ் ஆஃப் குவாலூர்' என்று இருந்தால் அது இதழ்த் தலைப்பு. அதே கதைகள் 'ஸுதல் ஆஃப் தி டஸ்க்', 'அயர்ன் ஷேடோஸ் இன் தி மூன்', 'தி மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் ஸம்பூலா', 'தி சர்வன்ட்ஸ் ஆஃப் பிட்-யாக்கின்' என்று இருந்தால் கையெழுத்துப் பிரதிவரை போய்ப் பார்த்த பதிப்பு. 'தி பிளாக் ஸ்ட்ரேஞ்சர்' இருக்கிறதா, 'ட்ரெஷர் ஆஃப் ட்ரானிகோஸ்' இருக்கிறதா என்பது கடைசிச் சோதனை. இரண்டாவது இருந்தால் டி காம்ப் கை வைத்தது. கார்ல் எட்வர்ட் வாக்னர் 1977-ல் பெர்க்லி பதிப்பகத்துக்காகத் தொகுத்த மூன்று புத்தகங்கள் இதழில் வந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டன. கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

நரிக்கண்:
டெல் ரே முதல் தொகுதியில் 'தி வேல் ஆஃப் லாஸ்ட் விமன்' வந்ததும் பக்கத்தைத் தள்ளிவிடலாம். 1967 வரை அச்சேறாமல் கிடந்த கதை. அதன் நிறவெறி பின்னணியில் இல்லை, கதையின் முதுகெலும்பே அதுதான். ஹோவர்டின் மற்றக் கதைகளிலும் அது தலைகாட்டும், தெரிந்தே படியுங்கள்.

புதுவாசகன்:
டெல் ரே 3-ம் ஆர்டர் போட்டுவிட்டேன். ஆனாலும் ஃப்ரசெட்டா அட்டை மனசை விட்டுப் போகவில்லை. பழைய செட்டிலிருந்து தனித்தனியாக எடுத்தால் எதை எடுக்கலாம்?

லான்சர்66:
மூன்றே மூன்று. 'கோனன் தி வாரியர்': 'ரெட் நெயில்ஸ்', 'ஜுவல்ஸ் ஆஃப் குவாலூர்', 'பியாண்ட் தி பிளாக் ரிவர்', மூன்றுமே ஹோவர்டு. 'கோனன் தி கான்கரர்': 'அவர் ஆஃப் தி டிராகன்' நாவல்தான், பெயர் மட்டும் வேறு. 'கோனன் தி அட்வென்ச்சரர்': நாலில் மூன்று ஹோவர்டு, 'டிரம்ஸ் ஆஃப் டோம்பால்கு' மட்டும் அவர் பாதியில் விட்டதை டி காம்ப் முடித்தது. மூன்றுக்கும் ஃப்ரசெட்டா அட்டை. 'ஃப்ரீபூட்டர்', 'வாண்டரர்', 'ஐல்ஸ்' அட்டைகள் ஜான் டுயிலோ வரைந்தவை, ஏமாறாதீர்கள். லான்சர் 1973-ல் திவாலானது, பிறகு அதே வரிசையை ஏஸ் போட்டது. எனவே பதிப்பாளர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். முதுகின் படத்தைக் கேளுங்கள். 50 வருஷப் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், 180 டிகிரி விரித்தால் பக்கம் கொத்தாகக் கையில் வந்துவிடும். அரை விரிப்பில் பிடித்துப் படியுங்கள்.

மூலப்பிரதி:
'அட்வென்ச்சர'ரில் டோம்பால்கு வரும்போது, டெல் ரே இரண்டாம் தொகுதியின் பின்னிணைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோவர்டு எழுதிய வரைவு அதில் இருக்கிறது. எந்த இடத்தில் கை மாறுகிறது என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

லான்சர்66:
கண்டுபிடித்தால் இங்கே வந்து எழுதுங்கள். அது டி காம்ப் இடம்தானா என்று பார்க்கிறேன்.