எக்ஸ்எஸ்எல்டியில கீ வச்சு இன்னொரு பைலில தேடுறது எப்படி?

உப்புவெளிப் பொடியன்:
வணக்கம். திருகோணமலையில இருந்து நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை பக்கம் போற பஸ்ஸுகளின்ட நேரத்தை எக்ஸ்எம்எல்ல வச்சு எக்ஸ்எஸ்எல்டியால (எக்ஸ்எம்எல்ல வேற வடிவத்துக்கு மாத்துற மொழி) வெப் பக்கமா மாத்துறன். பயண பைலில தரிப்பிடத்தின்ட குறி மட்டும்தான் இருக்கு, பேர் வேற பைலில. ஒவ்வொரு குறிக்கும் ரெண்டு ஸ்லாஷ் போட்டு மற்ற பைல் முழுக்கத் தேடுறன், வேலை செய்யுது ஆனா பைல் பெருக்கப் பெருக்க சரியான ஸ்லோ. வேற வழி இருக்கா? பாவிக்கிறது எக்ஸ்எஸ்எல்டிப்ரொக் எண்ட ப்ரொசெசர்.

மூதூரான்:
தம்பி, எக்ஸ்எஸ்எல் கீ இதுக்குத்தான் இருக்கு, 1999ல வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0லயே இருக்கு. டெம்ப்ளேட்டுகளுக்கு வெளியில, ஸ்டைல்ஷீட்டின்ட மேல்மட்டத்தில போடுங்க. நேம் 'இடம்', மேட்ச் 'தரிப்பிடம்', யூஸ் '@குறி'. பிறகு கீ('இடம்', @குறி) எண்டு கூப்பிடுங்க. ப்ரொசெசர் ஒருக்கா இன்டெக்ஸ் கட்டி வச்சிரும், ஒவ்வொரு தடவையும் முழு பைலையும் துளாவத் தேவையில்ல. ஐடி ஃபங்ஷனுக்கு மாதிரி டிடிடியும் (எது ஐடி எண்டு சொல்லி வைக்கிற வரையறை) வேண்டாம், ஒரே குறியில நாலு எலிமென்ட் இருந்தா நாலையும் தரும்.

உப்புவெளிப் பொடியன்:
போட்டுப் பாத்தன் அண்ணா, எரர் இல்ல, ஆனா பேர் வரவேண்டிய இடம் வெறுமையா கிடக்கு.

கிண்ணியா கோடர்:
1.0ல கீ() இப்ப நிக்கிற நோட் எந்த டொகுமென்ட்டில இருக்கோ அதுக்குள்ள மட்டும்தான் தேடும். நீங்க நிக்கிறது பயண பைலுக்குள்ள, அங்க தரிப்பிடமே இல்ல. முதல்ல @குறிய ஒரு வேரியபிள்ல எடுத்து வைங்க, பிறகு ஃபோர்-ஈச் போட்டு செலக்ட்டில டொகுமென்ட்('தரிப்பிடங்கள்.எக்ஸ்எம்எல்') குடுங்க, அதுக்குள்ள கீ('இடம்', $குறி)/பேர். இந்த ஃபோர்-ஈச் ஒருக்காத்தான் ஓடும், நிக்கிற டொகுமென்ட்டை மாத்துறதுக்கு மட்டும்தான் அது. வேரியபிள் வெளியில இருக்கிறது கட்டாயம், ஏனெண்டா உள்ளுக்குப் போனாப்பிறகு வெறும் @குறி எண்டு எழுதினா அது மற்ற பைலின்ட ரூட்டில போய்ப் பாக்கும், அங்க ஒண்டும் இல்ல.

மூதூரான்:
சரியாச் சொன்னீங்க. 2007ல வந்த 2.0ல எண்டா டொகுமென்ட்டை மூண்டாவது ஆர்கியுமென்ட்டாவே குடுக்கலாம், ஆனா எக்ஸ்எஸ்எல்டிப்ரொக்குக்கு 1.0 மட்டும்தான் தெரியும், சாக்ஸன் மாதிரி வேற ப்ரொசெசர் வேணும்.

உப்புவெளிப் பொடியன்:
வந்திட்டுது, நல்ல ஸ்பீட்! பெரிய நன்றி ரெண்டு பேருக்கும். புல்மோட்டை பேர் மட்டும் இன்னும் வரேல்ல.

கிண்ணியா கோடர்:
அந்தக் குறிக்கு முன்னுக்கோ பின்னுக்கோ ஸ்பேஸ் இருக்கா பாருங்க. கீ எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாக்கும், ஒரு ஸ்பேஸ் கூடினாலும் அது வேற குறி. யூஸிலயும் வேரியபிளிலயும் ரெண்டு பக்கமும் நோர்மலைஸ்-ஸ்பேஸ்(@குறி) எண்டு போட்டு விடுங்க.