பதில்: அணுக்கழிவு புதைக்கும் பாறைக்கு ‘அடக்கப்பாறை’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே.

அணுக்கழிவைப் புதைத்து வைக்கும் பாறையை ஆங்கிலத்தில் ‘ஹோஸ்ட் ராக்’ என்பார்கள். அதற்கு ‘ஓம்புபாறை’ என்ற முன்மொழிவைப் படித்தேன். உயிரியலில் ‘ஹோஸ்ட்’ என்பதற்கு ‘ஓம்புயிரி’ வேரூன்றிவிட்டதால் இசைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓம்புயிரி, தன்னை ஒட்டியதற்கு உணவு தருவது. அணுக்கழிவு விஷயத்தில் பாறைக்கு அந்த வேலையே இல்லை. உள்ளே வைத்ததை வெளியே விடக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே ‘அடக்கப்பாறை’ என்கிறேன்.

பின்லாந்தில் அணுக்கழிவைப் புதைக்கத் தேர்ந்தெடுத்த ஒல்கிலுவோட்டோவைப் பாருங்கள். பாறையின் வயது ஏறத்தாழ 190 கோடி ஆண்டு. வயதையும் கடினத்தையும் மட்டும் வைத்து அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. துளையிட்டு எடுத்த பாறைத்தண்டுகளில் விரிசல்கள் எவ்வளவு நெருக்கம், ஒன்றோடொன்று சேர்கின்றனவா, அவற்றில் நீர் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். ஆழத்து நீரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்பதும் முக்கியம். இருந்தால், கழிவை அடைத்து 400 மீட்டருக்கும் கீழே வைக்கும் 5 செ.மீ. தடிமனான செம்புக் கலன் அரிக்கும். கலனைச் சுற்றிப் பென்டோனைட் களிமண் பொதிகிறார்கள். விரிசலில் நீரோட்டம் வலுத்தால் அந்தக் களிமண்ணும் கரைந்து போகும். எல்லாக் கேள்வியும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது.

‘அடக்கம்’ என்றால் பணிவுதானே நினைவுக்கு வரும் என்று கேட்கலாம். ‘நல்லடக்கம்’ அன்றாடம் நாளிதழில் வரும் சொல். கட்டுப்படுத்தி வைப்பது, புதைப்பது இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. திரும்ப எடுக்க வைப்பதற்குக் ‘கிடங்கு’ இருக்கட்டும். திரும்ப எடுக்காமல் ஆழத்தில் நிரந்தரமாகப் புதைப்பதற்கு ‘ஆழ்நில அடக்கம்’.

அணுக்கழிவைப் புதைக்க உப்புப் படிவையும் களிமண் படிவையும்கூடப் பார்க்கிறார்கள். அவற்றைப் பாறை எனலாமா? நிலவியலில் தாராளமாக எனலாம். பிரான்சில் பூர் அருகே சுமார் 500 மீட்டர் ஆழத்துக் களிப்பாறையைத்தான் ஆய்கிறார்கள்.

‘இடத்தகவு’, அதாவது குறிப்பிட்ட இடம் புதைக்கத் தகுந்ததா என்பது, தனிச்சொல்லாகவே வேண்டும். ஜெர்மனியின் ஆஸ்ஸே சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை கழிவுப் பீப்பாய்களை இறக்கினார்கள். உப்பு நல்ல அடக்கப்பாறைதான். ஆனால் அது ஏற்கெனவே உப்பு வெட்டிய பழைய சுரங்கம். ஓரத்தில் மெல்லிய உப்புச்சுவர்தான் மிஞ்சியிருந்தது. 1988 முதல் நாளொன்றுக்குச் சுமார் 12,000 லிட்டர் உப்புநீர் கசிகிறது. பாறை தேறியது, இடம் தேறவில்லை.

இன்னொன்று: ‘ஃபிராக்சர்’ என்பதற்குப் ‘பிளவு’ வேண்டாம். அதே கட்டுரையில் அணுக்கருப் பிளவும் வரும், படிப்பவர் குழம்புவார். ‘விரிசல்’ என்றே வைப்போம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.