கடலைக்காய்க் காட்டில் சம்பங்கி வைத்த கதை

சத்தியமங்கலம் பக்கம் அரை ஏக்கர் சம்பங்கி வைத்திருந்தேனுங்க. பிரஜ்வல் ரகக் கிழங்கு, ஆனியில் நட்டது. ஐப்பசி மழை விட்டு ரெண்டு நாள் வெயில் அடித்ததும் மூன்று பாத்தியில் இலை மஞ்சளாகித் தொங்கிப்போனது. தண்ணீர் பத்தவில்லை என்று சொட்டுநீரை இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துத் திறந்துவிட்ட புண்ணியவான் நான்தான்.

நாலாம் நாள் இலையைப் பிடித்தால் கையோடு வருகிறது. தூரில், மண்ணை ஒட்டின இடத்தில், பஞ்சைப் பிய்த்து ஒட்டினது மாதிரி வெள்ளைப் பூசணம், அதில் கடுகு கடுகாகச் சின்ன உருண்டைகள், சிலது வெள்ளை, சிலது பழுப்பு. உரமணி என்றே நினைத்துவிட்டேன். பார்க்க வந்த அப்புச்சி, "போன வருசம் இங்க என்ன வெள்ளாமை கண்ணு?" என்றார். கடலைக்காய். அதிலும் அங்கங்கே தூர் அழுகிச் செடி காய்ந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கிழங்கைக் கொண்டுபோய்க் காட்டியதில் ஸ்கிளிரோசியம் ரோல்ப்சி என்றார்கள். கடலையில் தண்டழுகல் கொண்டுவருவதும் இதே பூசணந்தான். அந்தக் கடுகு உருண்டை மண்ணில் வருசக்கணக்கில் சும்மா கிடக்கும், சூடும் ஈரமும் சேர்ந்தால் முளைத்துக்கொள்ளும். மக்காத குப்பை அதற்குத் தீனி, நான் பச்சைச் சாணியை வேறு அள்ளிக் கொட்டியிருந்தேன். அழுகின தூரைச் சுற்று மண்ணோடு தோண்டி எடுத்து எரித்தேன். மிச்சத்துக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்கிற பூசணக்கொல்லி மருந்தைக் கரைத்துத் தூரில் ஊற்றினேன். பாதிதான் தப்பியது. உங்களில் யாருக்காவது இப்படி ஆச்சுங்களா?

மூலனூரிலிருந்து:
கண்வலிக்கிழங்கில், அதான் செங்காந்தளில், எங்களுக்கும் அழுகல் வந்ததுங்க அண்ணா. விதைக்கிழங்கு விற்கிற விலைக்கு ஒன்று அழுகினாலும் வயிறு எரியும். இப்போதெல்லாம் ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை, அதாவது கெட்ட பூசணத்தை அடக்குகிற நல்ல பூசணத்தை, 20 கிலோ மக்கின தொழுவுரத்தில் கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் வைத்திருந்து அப்புறம்தான் போடுகிறேன். காப்பர் ஊற்றின கையோடு இதைப் போட்டுவிடாதீங்க, மருந்து இதையும் சேர்த்து முடக்கிவிடும். ரெண்டு வாரமாவது விடுங்க.

சத்தியமங்கலத்திலிருந்து:
சரிங்க. கோடையில் ஆழ உழுது போட்டுவிட்டேன், உருண்டை ஆழத்தில் புதைந்தால் முளைப்பது குறையும் என்கிறார்கள். இந்த வருசம் சோளம்தான். பக்கத்துத் தோட்டத்து மாமா விதைக்கிழங்கு கேட்டார், இந்தக் காட்டுக் கிழங்கு மட்டும் வேண்டாமுங்க மாமா என்று சொல்லிவிட்டேன்.